தட்டின் ஓரத்து எண்ணெய்

கரண்டியைக் குழம்புக்குள் முக்காமல், மேலோடு மேலாக நடத்திக்கொண்டு போய், மிதக்கிற எண்ணெயை மட்டும் ஒட்ட வழித்தெடுக்கிற வித்தையை என் ஆயுசில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் பார்த்திருக்கிறேன். சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஐம்பதுகளில் நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பேரை இங்கே எழுத மனசில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்று இன்னும் ஒரு பயம் இருக்கிறது.

அவள் வீட்டுக் குழம்பில் எண்ணெய் ஊற்றாமல் இல்லை. ஊற்றுவாள், புருஷனுக்காக. அவர் தறி நெய்கிறவர், நூல் வாங்க மதுரைக்குப் போய்வருகிறவர், எண்ணெய் மிதக்காத குழம்பைக் கண்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ரகம். குழம்பை இறக்கியதும் அக்கா அந்த வித்தையைக் காட்டுவாள். வழித்த எண்ணெய் முழுக்க அவர் கிண்ணத்துக்கு. அடியில் கிடக்கிற தண்ணி அவளுக்கும் மகளுக்கும். மூன்று பேர் எண்ணெயையும் அந்த மனுஷர் ஒருத்தரே தின்றார். மினுமினுவென்று நன்றாகத்தான் இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தோசைக்கல்லில் எண்ணெய்க்குப் பதில் வெங்காயத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பாள். தோசை பிய்ந்து பிய்ந்து வரும். கறி எடுத்தால் கொழுப்பை ஒவ்வொரு துணுக்காகக் கிள்ளி வாசலில் எறிவாள். எங்கள் தெருப் பூனை கர்ப்பமாக இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடுவன் பூனை என்று அப்புறம்தான் தெரிந்தது. செவ்வாய் வெள்ளி எண்ணெய்க் குளியல்கூட அந்த வீட்டில் கிடையாது. தீபாவளி அன்றைக்கு உச்சந்தலையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

"தலைக்கு வச்சா என்னக்கா செய்யும்? வயித்துக்குள்ளயா போகப் போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தோலுக்கு வாய் இல்லேன்னு உனக்கு யாரு சொன்னா? அதுவும் குடிக்கும்த்தா. குடிச்சு உள்ள இறக்கிரும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏன் இப்படி என்பதை அவளே ஒரு மத்தியானம் சொன்னாள். நாங்கள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம். துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குகிற வேலை. பெண்டுகள் எல்லோரும் வீட்டிலிருந்தே செய்வோம். கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு இல்லை. அக்காவின் மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடும். ஒரே பிள்ளை.

கல்யாணமான புதிதில் அக்கா நல்ல கனமான பெண்ணாம். இப்போதிருக்கிற அக்காவைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிக் குதிரைவண்டி பிடித்தார்கள். கூடப் புருஷனின் சிநேகிதர்கள். அக்கா பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பின்னால் சாய்ந்து, முன்பக்கம் தூக்கி, குதிரை மிரண்டுவிட்டது. வண்டிக்காரன், "ஆத்தா, செத்த முன்னால நகந்து உக்காருங்க, குதிரை தொங்குது" என்றான். சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புருஷன் வண்டியிலிருந்து குதித்தார்.

"நான் நடந்தே வாரேன்ப்பா. குதிரை பாவம்ல" என்றாராம்.

சொன்னபடியே கல்யாண வீடு வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். கடைவீதி முழுக்க வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் அவர் எங்கேயும் அக்காவோடு சேர்ந்து போகவில்லை. மதுரைக்கு நூல் வாங்கப் போகிறவர் அங்கேயே தங்க ஆரம்பித்தார். அங்கே ஒரு ஒல்லியான பெண் இருந்தாள் என்று தெருவுக்கே தெரியும்.

திண்டுக்கல்லில் ஒரு கம்பவுண்டரிடம் அக்கா அழுதிருக்கிறாள். எண்ணெய், நெய், கொழுப்பு மூன்றையும் விட்டால் உடம்பு தானாக இறங்கும் என்று அவர் சொல்லிவிட்டார். விட்டாள். உடம்பு இறங்கியது. ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தாள். புருஷனும் திரும்பி வந்துவிட்டார்.

"பாத்தியா?" என்றாள் என்னிடம், ஒரு முடிச்சை இறுக்கிக்கொண்டே.

அந்த மதுரைப் பெண்ணின் அண்ணன் தம்பிகள் சேர்ந்து அவரை அடித்து விரட்டிய கதையை என் மாமியார் எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனால் அவளைப் பொறுத்தவரைக்கும் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தது எண்ணெய் இல்லாத குழம்புதான். அப்படி நம்பினால்தான் பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். நான் என் முடிச்சை இறுக்கினேன். பாப்பா மட்டும் முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா பெரிய மனுஷி ஆனாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சமயத்தில் பெண்பிள்ளைக்குச் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உளுந்தங்களியில் நல்லெண்ணெய் குளமாக நிற்கும். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை ஓட்டையிட்டுக் குடித்துவிட்டு, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். நான் குடித்திருக்கிறேன், என் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறாள். என் பிறந்த வீடு அகரம் கிராமத்தில். எங்கள் சொந்தக் காட்டு எள்ளை ஆட்டி ஒரு தூக்கு நிறைய எண்ணெயும், கூடை நிறைய நாட்டுக்கோழி முட்டையும் என் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். ஆசையோடு தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"நல்ல எண்ணெய்த்தா. விளக்குக்கு ஆகும்."

"விளக்குக்கா! ஏக்கா, பிள்ளைக்குக் கொண்டாந்தேன். இடுப்பு எலும்புக்கு உறுதி வேணாமா? நாளைக்குப் பிள்ளை பெறணும்ல அவ?"

"பிள்ளை பெறுறதுக்கு முந்திப் புருசன் கூட நிக்கணும்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நல்லா இருக்குக்கா நியாயம், பிள்ளையைப் பட்டினி போட்டு மாப்பிள்ளை தேடுறது" என்று கத்திவிட்டு வந்தேன். எண்ணெய் விளக்குக்குத்தான் போனது. ரொம்ப நாள் அந்த மாடத்து விளக்கு நின்று எரிந்தது. அந்த வீட்டில் வஞ்சனை இல்லாமல் எண்ணெய் குடித்தது அது ஒன்றுதான்.

அக்கா கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பாப்பா மேல் உயிரையே வைத்திருந்தாள். முருங்கைக் கீரை கண்ணுக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினம் தவறாமல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைதான் வெஞ்சனம். உப்புப் போட்டு வேகவைத்த வெறும் கீரை. தாளிப்பு கிடையாது, தேங்காய்ப்பூ கிடையாது. பால் கேட்டால் தண்ணீர் மோர். பாப்பா கொடிபோல வளர்ந்தாள். பார்க்கிறவர்கள் எல்லோரும், "என்ன ஒயிலா இருக்கா!" என்றார்கள். அக்காவுக்கு அந்த ஒரு சொல் போதும், அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

நான்தான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பிள்ளையின் முழங்கையிலும் முட்டியிலும் தோல் சொரசொரவென்று முள்முள்ளாக நின்றது. தலைமுடி தேங்காய் நார். சாயங்காலமானால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே காலால் இடறித் தள்ளினாள். இன்னொரு நாள் வெளிச்சம் மங்கினபின் அவள் போட்ட முடிச்சுகளைப் பார்த்தேன். பகலில் நூல் பிடித்ததுபோல் வரிசையாக வந்தவள், அந்தி சாய்ந்ததும் புள்ளியை விட்டு எங்கெங்கோ கட்டி வைத்திருந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மாலைக்கண்ணா இருக்குமோன்னு தோணுது" என்றேன்.

அவள் முகம் செத்துப் போனது. அடுத்த நொடியே பொங்கிக்கொண்டு வந்தாள். "வாயைக் கழுவு. வயசுப் பிள்ளை மேல பழி போடுறியா? தெருவுல நாலு பேரு காதுல விழுந்தா எவன் வருவான்? தினம் கீரை போட்டு வளக்குறேன், எம்பிள்ளைக்கா கண்ணு தெரியாது?"

பேச்சு நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், என் பிள்ளைகள் அழுவது அவர்களுக்குக் கேட்கும், ஆனால் பேச்சில்லை. அப்போது ஒன்றைக் கவனித்தேன். அந்தி சாய்வதற்கு முன்னால் அக்கா வீடு முழுக்கச் சுற்றி வருவாள். அம்மியோரத்து மணையைச் சுவரோடு ஒட்டி வைப்பாள். குடத்தை மூலைக்குத் தள்ளுவாள். தறிக்குழிமேல் பலகை போடுவாள். பாப்பா நடக்கிற தடத்தில் ஒரு துரும்பு இருக்காது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கீரையில் சரியாகிவிடும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

திண்டுக்கல்லிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு நாள் அவளே வந்து கூப்பிட்டாள், ஒன்றுமே நடக்காததுபோல. நல்ல இடம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். மத்தியானமே வரச் சொல்லியிருந்தாள், வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று. அவர்கள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது அந்தி. அக்கா அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். பாயை நடுக்கூடத்தில் விரித்து, பாப்பாவுக்கு அடுப்படியிலிருந்து பாய் வரைக்கும் நடந்து காட்டினாள். "நேரா வா, நான் இருமுவேன், அங்க குனிஞ்சு தட்டை நீட்டு" என்றாள் காதோடு. நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாப்பா தட்டோடு போனாள். பட்டுப்பாவாடை, தலை நிறைய மல்லிகை. அதற்குள் பையனின் அப்பா முதுகு வலிக்கிறது என்று சுவரோரம் நகர்ந்துவிட, மற்றவர்களும் அவரோடு நகர்ந்துவிட்டார்கள். பாய் காலி. அக்கா பயத்தில், முன்னே சொல்லிவைத்த இடத்திலேயே இருமிவிட்டாள். பாப்பா குனிந்து, யாருமே இல்லாத பாய்க்கு முன்னால் தட்டை நீட்டி, அழகாகச் சிரித்தபடி, "காபி எடுத்துக்கோங்க" என்றாள்.

பாப்பா நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். பையனின் அம்மா நல்ல மனுஷி, எழுந்து வந்து தட்டைத் தானே வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு அந்தியில கண்ணு தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்காவின் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். சங்கடம் என்றால் அந்த மனுஷருக்கு நடக்கத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் இரண்டு பேரையும் நான்தான் இழுத்துக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பாப்பாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார், முழங்கையைத் தடவிப் பார்த்தார், பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார்.

"தினமும் முருங்கைக் கீரைங்கம்மா" என்றாள் அக்கா.

"எண்ணெய், நெய், பாலு, முட்டை?"

"ஒரு சொட்டு குடுக்கிறதில்லைங்கம்மா." நல்ல மார்க் வாங்கிய பிள்ளை சொல்வதுபோல் சொன்னாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "கீரையில இருக்கிற கண்ணுச் சத்து எண்ணெயைப் பிடிச்சுக்கிட்டுத்தாம்மா உடம்புல சேரும். எண்ணெயே இல்லேன்னா வந்த வழியே போயிரும். நீ அம்புட்டுக் கீரை போட்டும் பிள்ளை கண்ணு பட்டினி கிடந்திருக்கு. கனமா இருக்கிறவங்க எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம். வளர்ற பிள்ளைக்கு எதுக்கு நிறுத்துன?"

"கனமாகிறதுக்கு முந்தியே நிறுத்துனாத்தான நல்லதுன்னு நெனச்சேன்."

அந்த அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். மீன் எண்ணெய் பாட்டிலைக் கொடுத்து, அந்திப் பார்வை திரும்பிவிடும், ஆனால் இடது கண்ணில் விழ ஆரம்பித்திருக்கிற வெள்ளை போகுமா என்று சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் அக்கா பாட்டிலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

வீட்டில் அடுத்த கூத்து. பாப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். ஊற்றினால் துப்பினாள். நெய் விட்டுப் பிசைந்த சோற்றைத் தட்டோடு தள்ளினாள். அக்கா கெஞ்சினாள், அடித்தாள், தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

"குடிச்சாத்தான்டி கண்ணு தெரியும்!"

"வேணாம். குண்டாயிருவேன்."

"ஆக மாட்டடி, என் தங்கம்."

"ஆயிருவேன். அப்புறம் நான் வண்டியில ஏறுனா அவரும் நடந்தே வருவாரு."

எவர் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இன்னும் முகம் தெரியாத ஒரு புருஷன். அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏத்தா, அகரத்து எண்ணெய் இருக்கா உங்கிட்ட? ரெண்டு முட்டையும் கொண்டா" என்றாள்.

கொண்டுவந்தேன். முட்டையின் தலையைத் தட்டி ஓட்டையிட்டு, அண்ணாந்து குடித்தாள். ஓட்டுக்குள் நல்லெண்ணெயை ஊற்றினாள். விரலெல்லாம் எண்ணெய். எத்தனை வருஷமாகக் கண்ணால் பார்த்தாலே பயந்த சாமான்! கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். குமட்டியது. வாயைப் பொத்தி உள்ளே அனுப்பினாள்.

"பாரு, ஒண்ணும் ஆகல" என்றாள் மகளிடம். "நான் இருக்கேன்ல. எது வந்தாலும் எனக்கு முதல்ல வரட்டும்."

பாப்பா அம்மாவின் தாடையில் வழிந்த எண்ணெயைப் பார்த்தாள். அப்புறம் அடுத்த முட்டைக்குக் கையை நீட்டினாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மீன் எண்ணெயானாலும், நெய்ச்சோறானாலும், அக்கா முதலில் தின்று காட்டினால்தான் பாப்பா வாயைத் திறப்பாள். அந்திப் பார்வை திரும்பியது. இடது கண்ணில் வெள்ளைப் பூ அப்படியே தங்கிவிட்டது. வாத்தியார் மாப்பிள்ளை வீட்டார் திரும்ப வரவில்லை. பக்கத்து ஊரில் கால் கொஞ்சம் சாய்த்து நடக்கிற ஒரு பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று சரி என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைப் பேசினவர்கள் வீட்டுக்கு நான் இன்றைக்கும் போவதில்லை.

மகளுக்காகத் தின்று தின்று அக்காவுக்குப் பழைய உடம்பு திரும்பியது, அதற்கு மேலும் போட்டது. புருஷன் மறுபடி மதுரையில் தங்கினார். அக்கா கேட்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. அதே டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, உடம்பைக் குறைத்தே ஆக வேண்டும், எண்ணெயை நிறுத்த வேண்டாம், ஆனால் கையை நன்றாக இறுக்கிக்கொள் என்றார். அக்கா சிரித்துவிட்டாளாம். என்னிடம் வந்து, "அந்தம்மாவுக்கு என்னைப் பாத்தா வேற வேலையே இல்ல" என்றாள்.

அறுபதுகளின் கடைசியில் பாப்பா பிரசவத்துக்கு வந்தாள். பெண் பிள்ளை. ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். குழந்தை துணித்தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குப் பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, மேலே நல்லெண்ணெய் நிற்கிறது. அக்கா வெந்நீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். பாப்பா தட்டைக் கொஞ்சம் சாய்த்தாள். சோற்றைத் தொடாமல், ஒற்றை விரலை மேலோடு மேலாக நடத்தி, எண்ணெயை மட்டும் ஓரத்துக்குத் தள்ளினாள். அச்சு அசல் அதே வித்தை.

"அடியே! பால் குடுக்கிறவடி நீ. பக்கத்துல கிடக்கிறதும் பொம்பளப் பிள்ளை" என்றேன்.

"சத்தம் போடாத சித்தி. உடம்பு போட்டிருச்சு."

"மாப்பிள்ளை எதுவும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. நேத்து பிள்ளையைப் பாக்க வந்தாருல்ல, என்னையும் பாத்துச் சிரிச்சாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு எனக்குத் தெரியாதா?" வெள்ளை விழாத கண் நிறைந்து வந்தது.

அக்கா வெந்நீர்ச் செம்போடு வந்து வாசற்படியில் நின்றாள். தட்டின் ஓரத்தில் தேங்கி நின்ற எண்ணெயைப் பார்த்தாள். திட்டவில்லை. செம்பை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, மூச்சு இரைக்க மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏக்கா, உனக்கு ஆகாதுக்கா. டாக்டரம்மா அம்புட்டுச் சொல்லியும்..."

"செத்த சும்மா இருத்தா."

சோற்றை உருட்டி, ஓரத்து எண்ணெயை எல்லாம் துடைத்தெடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். "பாரு, ஒண்ணும் ஆகல" என்றாள். குழம்புக் கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெயை விட்டுப் பிசைந்து, இரண்டாவது உருண்டையை மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள். பாப்பா அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்தாள், ஏறி ஏறி இறங்குகிற நெஞ்சைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அடுத்த உருண்டையை நீட்டியபோது வாயை மறுபடி மூடிக்கொண்டாள். அக்கா அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பிசைய ஆரம்பித்தாள்.